குருதியில் கணக்குக் கண்டவர்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் பிறந்து வளர்ந்த முதியோர்க்கு யானைக்கால் நோயை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வீங்கித் தடித்த காலோடு வரப்பில் ஏறி இறங்கவும் சேற்றில் நின்று நாற்று நடவும் இயலாமல், திண்ணை அளவில் வாழ்க்கை சுருங்கிப்போன உழவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். உடல் வலியினும் மிகுதியாக, பிறர் பார்வைக்கு அஞ்சித் திருமணம், திருவிழா முதலியவற்றிலிருந்து ஒதுங்கியவர்களும் உண்டு.

இந்நோயைக் கண்டறிய வரும் நலவாழ்வுப் பணியாளர் பகலில் வருவதில்லை. ஊர் உறங்கத் தொடங்கும் இரவு வேளையில் வருவார். நோய்க்குக் காரணமான புழுக்கள் நிணநீர் நாளங்களில் வாழ்கின்றன. அவை ஈனும் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் குருதிக் குழாய்களில் தங்கி, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரையிலான பொழுதில் தோலை ஒட்டிய குருதிக்கு மிகுதியாக வருகின்றன. அவற்றை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் அந்த நேரத்தில்தான். ஆகவே, விரல் நுனியில் எடுத்த குருதியைக் கண்ணாடிச் சில்லில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து நுண்புழுக்களை எண்ணுவர். நோய் உண்டா இல்லையா என்பதைக் குருதியே சொல்லும்; எவ்வளவு என்பதை எண்ணிக்கை சொல்லும்.

அந்நுண்புழுக்களைக் குருதியிலிருந்து நீக்கும் டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்தை உலகிற்கு அளித்த ஆய்வுக்குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். விழுப்புரமும் அவர் பிறந்த பீமவரமும் அக்காலத்தில் ஒரே சென்னை மாகாணத்தின் ஊர்கள். கோதாவரிக் கழிமுகத்திலும் தென்னார்க்காட்டிலும் மக்களை வாட்டியது ஒரே நோய்தான்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வருவாய்த்துறையில் சிறு பணியில் இருந்தவர். குடும்பத்தில் பிள்ளைகள் பலர்; வருவாயோ குறைவு. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கும் எண்ணத்தோடு அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். தாயார் வெங்கம்மா ஆள் அனுப்பி அவரை வழியிலேயே மீட்டுப் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளிப் படிப்பும் எளிதாக முடியவில்லை. மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற அவர், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறையில் தேர்ச்சி பெற்றார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது அவர் மனம் துறவின்பால் சென்றது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை, மடத்துப் பெரியோரும் மருத்துவம் பயின்று தொண்டு செய்யுமாறு நெறிப்படுத்தினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது காந்தியடிகளின் அழைப்பை ஏற்று மாணவர்கள் அயல்நாட்டுத் துணியைத் துறந்த காலம். சுப்பாராவ் அறுவை அரங்கிற்கும் கதர் அங்கியையே அணிந்து சென்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் அதை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வில் நன்கு செய்திருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேரும் வாய்ப்பு இதனால் அடைபட்டது.

அதற்கு முன்பே அவர் வாழ்வில் பேரிடி ஒன்று விழுந்திருந்தது. ஸ்புரூ எனப்படும் குடல் நோயால் உடன்பிறந்தார் இருவர் எட்டு நாள் இடைவெளியில் இறந்தனர். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காமல், குருதி சோகையுற்று, உடல் உருகிப்போகும் நோய் அது. பின்னர் சுப்பாராவையும் அதே நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவ அறிஞர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் நலம் பெற்றார். அதன்பின் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துக்கொண்டே, அம்மருந்துகள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை ஆராய முற்பட்டார். மருந்து குணம் செய்தது என்பது அவர் தம் உடலில் கண்ட உண்மை. மருந்தில் இருந்த எந்தப் பொருள், எவ்வளவு, உடலில் என்ன செய்தது என்ற வினாக்களுக்கு விடை காணும் கருவிகள் மட்டும் அங்கே இல்லை.

மாமனாரின் பொருளுதவியையும் காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் ஆதரவையும் கொண்டு, இளம் மனைவியைத் தாயகத்தில் விட்டு, 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பயின்றுகொண்டே, செலவுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக இருந்து நோயாளிகளின் கழிகலங்களைத் தூய்மை செய்தார். அவர் வரலாற்றை எழுதுவோர் இச்செய்தியை விரித்துரைப்பதுண்டு. உருக்கமான செய்திதான். எனினும் அடுத்த சில ஆண்டுகளில் ஒரு சோதனைக் குழாயில் அவர் வரவழைத்த நீல நிறத்திற்குக் கிடைக்கும் இடம் இதைவிடக் குறைவாக இருப்பது பொருத்தமன்று.

நீல நிறத்தின் அளவு

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் பேராசிரியரிடம் சுப்பாராவ் சேர்ந்தார். குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரஸின் அளவைத் துல்லியமாகக் காண்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட பணி. நலமுள்ள ஒருவரின் குருதி நீர்மத்தில், அதாவது பிளாஸ்மாவில், 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் நான்கரை மில்லிகிராம் பாஸ்பரஸே பாஸ்பேட் வடிவில் உள்ளது. சிறுநீரகம் பழுதுற்றால் அது கூடும். குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயில் குறையும். இவ்வளவு சிறிய அளவில் நேரும் ஏற்ற இறக்கத்தைப் பிழையின்றிக் காட்டும் முறை வேண்டும். அன்றிருந்த முறைகளில் நிறம் மெல்லத் தோன்றியது. தோன்றிய நிறம் நிலைக்கவில்லை. குருதியில் உள்ள பிற பொருள்களும் குறுக்கிட்டன.

ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925இல் வெளியிட்ட முறை இத்தகையது. முதலில் குருதியுடன் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைச் சேர்ப்பர். பால் திரிவதுபோலப் புரதம் திரிந்து பிரியும். அதை வடிகட்டினால் தெளிந்த நீர்மம் கிடைக்கும். அதில் அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்க்க, பாஸ்பேட் அதனுடன் இணைந்து புதிய சேர்மம் ஆகும். அடுத்து, அமினோ நாஃப்தால் சல்ஃபோனிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்க்க, அச்சேர்மம் ஒடுக்கமடைந்து நீல நிறம் கொள்ளும். பொருத்தமான இந்த ஒடுக்கியைத் தேர்ந்ததே முறையின் உயிர்நாடி. ஐந்து நிமிடங்களில் நிறம் முழுமை பெற்றது. பாஸ்பேட் மிகுந்தால் நீலம் அடரும், குறைந்தால் வெளிறும்.

அடர்த்தியைக் கண்மதிப்பில் விட்டுவிடுவதில்லை. பாஸ்பேட்டின் அளவு முன்பே தெரிந்த தரக் கரைசல் ஒன்றையும் அதே வகையில் நீலமாக்கி, இரண்டையும் நிறமானி என்னும் கருவியின் இரு குவளைகளில் வைப்பர். கண்வில்லையில் இரு நீலங்களும் அரைவட்டங்களாக அருகருகே தெரியும். இரண்டும் வேறுபாடின்றி ஒன்றாகும்வரை நீர்மத்தின் ஆழத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வர். தரக் கரைசலில் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் தோன்றும் நீலம், குருதிக் கரைசலில் 20 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் தோன்றுமானால், குருதிக் கரைசலின் செறிவு தரக் கரைசலின் செறிவில் பாதி. தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுத் தெரியாததை அறியும் நெறி இது. இக்கட்டுரை அறிவியல் உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளுள் ஒன்றாயிற்று. ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை பல தலைமுறை மாணவர்களின் ஆய்வகப் பாடமாகவும் மருத்துவமனைகளின் அன்றாடச் சோதனையாகவும் விளங்கியது.

அளவையில் தோன்றும் சிறு முரணைப் புறக்கணிக்காதவர்க்கே அடுத்த உண்மை புலப்படும். தசையிலிருந்து எடுத்த நீர்மத்தைச் சோதித்தபோது நீல நிறம் வழக்கம்போல் உடனே முழுமை பெறவில்லை. நேரம் செல்லச் செல்லக் கூடிக்கொண்டே சென்றது. முறையில் பிழை என்று தள்ளிவிடத்தக்க நிகழ்வு அது. மாறாக, தசையில் உள்ள பாஸ்பேட்டின் ஒரு பகுதி வேறொரு பொருளோடு இணைந்திருக்கிறது, அமிலத்தில் அது மெல்ல மெல்லப் பிரிந்து வெளிப்படுகிறது என்று அவர்கள் உய்த்துணர்ந்தனர். அவ்வாறு 1927இல் வெளிப்பட்டதே பாஸ்போகிரியாட்டின். தசை இயங்கும்போது இது குறைகிறது. ஓய்வில் மீண்டும் பெருகுகிறது. இலண்டனில் எகில்டன் இணையரும் அதே காலத்தில் இப்பொருளைக் கண்டனர். தசை இயக்கத்திற்கு லாக்டிக் அமிலமே அடிப்படை என்று கருதிவந்த கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளையும் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து பிரித்தனர். செருமனியின் கார்ல் லோமனும் அதே ஆண்டில் அதனைக் கண்டறிந்தார். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஆற்றலைக் கைமாற்றும் நாணயமாக இன்று பதினோராம் வகுப்பு உயிரியல் நூல் கற்பிக்கும் ஏ.டி.பி. இதுவே.

1930இல் முனைவர் பட்டம் பெற்ற சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை. கூட்டு ஆய்வின் பெருமையில் தமக்குரிய பங்கை வலிந்து கேட்கும் இயல்பும் அவரிடம் இல்லை. அக்குணத்தைப் பணிவு என்று போற்றுவோர் உண்டு. உரிமையை விட்டுக்கொடுத்த அளவுக்கு அவர் பெயர் மறைந்தது என்பதும் உண்மையே. 1940இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்து ஆய்வகத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆய்வுத்துறைக்குத் தலைவரானார்.

மருந்துகள் பிறந்த ஆய்வகம்

லெடர்லேயில் அவர் கழித்தவை எட்டே ஆண்டுகள். மண்ணில் வாழும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவது. அதுவும் சுப்பாராவின் தலைமையில் நடந்த ஆய்வின் பயனே. ஆயினும் அவர் உள்ளத்திற்கு நெருக்கமானது ஃபோலிக் அமிலமாகவே இருந்திருக்கும்.

பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களிடம் கண்ட குருதிச்சோகை ஈஸ்ட் சாற்றால் நீங்குவதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் முன்பே காட்டியிருந்தார். அச்சாற்றில் உள்ள சத்து எது என்பது தெரியவில்லை. அதைத் தனியே பிரிப்பதில் பல ஆய்வகங்கள் ஈடுபட்டன. சுப்பாராவின் குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தின் கட்டமைப்பை உறுதிசெய்து செயற்கையாகவும் உருவாக்கினர். ஸ்புரூ நோயாளிகளின் சோகை இதனால் நீங்கியது. சுப்பாராவின் உடன்பிறந்தாரை மாய்த்த நோய்க்கு மருந்து கிடைத்தபோது அவர்கள் இறந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

யானைக்கால் நோய்க்கான மருந்தாய்வு போர்க்காலத்தில் தொடங்கியது. பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர்களை இந்நோய் தாக்கியதே அதற்குக் காரணம். பருத்தி எலி எனப்படும் ஒருவகை எலியின் உடலில் இயல்பாக வளரும் ஃபைலேரியா புழுக்களை வைத்துச் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் குருதித் துளியில் உள்ள நுண்புழுக்களை எண்ணுவதே சோதனை. அவ்வாறு தேர்ந்த டைஎத்தில்கார்பமசின் 1947இல் வெளியிடப்பட்டது. போர்ட்டோ ரிக்கோவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களின் குருதியிலிருந்தும் நுண்புழுக்கள் மறைந்தன.

இம்மருந்தில் ஒரு விந்தை உண்டு. கண்ணாடிக் கலத்தில் நுண்புழுக்களை இட்டு, மருத்துவத்தில் பயன்படும் அளவில் இம்மருந்தைச் சேர்த்தால் அவை சாவதில்லை. மனித உடலுக்குள் சென்றால் மட்டுமே, உடலின் நோய்த்தடுப்பு ஆற்றலோடு கைகோத்து, அது அவற்றை விரைந்து அழிக்கிறது. ஆகவே இம்மருந்தை அறிய விரும்புவோர், அது குருதியில் எவ்வளவு நேரம், எவ்வளவு செறிவில் தங்குகிறது என்பதை அளந்தே ஆகவேண்டும்.

நிறமில்லாத இம்மருந்தை நிறமானியால் எளிதில் காண இயலாது. மாத்திரை உண்டவரிடம் குறித்த நேரங்களில் குருதி எடுத்து, உறையாமல் காக்கும் பொருள் இட்ட குழாயில் சேர்த்து, மையவிலக்குப் பொறியில் சுழற்றுவர். சிவப்பணுக்கள் அடியில் படிய, வெளிர்மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். அதனோடு, மருந்தை ஒத்த வேறொரு சேர்மத்தைத் தெரிந்த அளவில் கலப்பர். பிரித்தெடுக்கும்போது மருந்தில் ஒரு பங்கு வீணானால் இதிலும் அதே பங்கு வீணாகும். எனவே இழப்பையும் கணக்கில் கொள்ளலாம். பின்னர் கரைப்பானால் மருந்தைப் பிரித்து, வாயு வண்ணப்பகுப்புக் கருவியிலோ நீர்ம வண்ணப்பகுப்பு நிறைமானியிலோ செலுத்துவர். கருவியின் நீண்ட குழலுள் பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து வெவ்வேறு நேரத்தில் வெளிப்படும். ஒவ்வொன்றின் அளவையும் தரக் கரைசல்களோடு ஒப்பிட்டு அறிவர். கருவி மாறினாலும், தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளக்கும் நெறி 1925இல் இருந்ததே.

இத்தகைய அளவைகளால், உண்ட ஓரிரு மணி நேரத்தில் பிளாஸ்மாவில் இம்மருந்து உச்சத்தை அடைகிறது என்பதும், அப்போதும் அதன் செறிவு ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராமை மிஞ்சுவதில்லை என்பதும் தெரிந்தன. உடல் இதில் ஒரு பகுதியை நைட்ரஜன் ஆக்சைடாக மாற்றுகிறது. இவ்வாறு மாறியவற்றை வளர்சிதை மாற்றப் பொருள்கள் என்பர். மாறாத மருந்தும் மாறிய பொருளும் பெரும்பாலும் சிறுநீர் வழியே இரண்டு நாள்களுக்குள் வெளியேறுகின்றன. சிறுநீர் காரத்தன்மை உற்றால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அளவைக் குறைக்க வேண்டியதன் காரணம் இதனால் விளங்கியது.

இக்கணக்குகளின் பயனை விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்கள் நேரே கண்டன. புதுச்சேரியில் 1975இல் அமைந்த நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் 1990களின் நடுப்பகுதி முதல் அவ்வூர்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வேளை மருந்து கொடுத்து, மனிதர் குருதியிலும் கொசுக்களின் உடலிலும் நுண்புழுக்கள் எவ்வளவு குறைந்தன என்பதைப் பல்லாண்டுகள் தொடர்ந்து எண்ணினர். ஊர் முழுவதும் ஒரே நாளில் மருந்து உண்டால் நோய் பரவும் சங்கிலி தளர்கிறது என்பதற்கு அவ்வூர் மக்கள் கொடுத்த குருதித் துளிகளே சான்றாயின. 2004 முதல் இந்தியாவில் இத்திட்டம் விரிவாக நடைபெற்றது. இரண்டு முதல் ஐந்து வயது வரை 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு முதல் பதினான்கு வரை இரண்டு, அதற்கு மேற்பட்டோர்க்கு மூன்று என்று பணியாளர்கள் வீடுதோறும் வழங்கினர். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடுநோயாளிகள் ஆகியோர்க்குக் கொடுப்பதில்லை.

நோயின் அறிகுறியே இல்லாதவர்கள் தாங்கள் ஏன் மாத்திரை உண்ண வேண்டும் என்று மறுத்ததுண்டு. உண்டபின் சிலர்க்குக் காய்ச்சலும் தலைவலியும் கண்டதால் அச்சமும் பரவியது. அக்காய்ச்சல் பெரும்பாலும் குருதியிலிருந்த நுண்புழுக்கள் அழிவதால் எழுவது. கால் வீங்காத ஒருவர் குருதியிலும் அவை இருக்கலாம் என்பதை அது காட்டியது. ஏற்கெனவே வீங்கிவிட்ட காலை இம்மருந்து பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. அக்காலை நாள்தோறும் கழுவித் துடைத்துப் புண் வராமல் காப்பதே வழி. மருந்து காத்தது அடுத்த தலைமுறையை.

நஞ்சும் மாற்றும்

ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்தபோது சுப்பாராவின் குழுவினர் அதன் வடிவத்தைச் சற்றே மாற்றி, அதன் செயலைத் தடுக்கும் சேர்மங்களையும் உருவாக்கினர். விரைந்து பெருகும் உயிரணுக்களுக்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதைத் தடுத்தால் அவை பெருகா. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர் இவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கடுமையான குருதிப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் சில காலம் தணிந்தது. நாள்களை எண்ணிக்கொண்டு காத்திருப்பதன்றி வேறு வழி அறியாத நோயில், 1948 சூனில் வெளிவந்த இச்செய்தி முதல் வெளிச்சம் ஆயிற்று. அம்மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட்டு இன்றும் குருதிப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் பயன்படுகிறது.

இம்மருந்தைப் பேரளவில் செலுத்தும்போது நலமுள்ள உயிரணுக்களும் அழியும். எனவே உரிய வேளையில் ஃபோலினிக் அமிலம் என்னும் மாற்று மருந்தைக் கொடுப்பர். அது ஃபோலிக் அமிலத்திலிருந்து பிறந்தது. அதை எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் ஊகத்தால் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு நாளும் பிளாஸ்மாவில் எஞ்சியுள்ள மெத்தோட்ரெக்சேட்டை அளந்து பார்ப்பர். 48 மணி நேரம் கழிந்தும் ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோமோலுக்கு மேல் எஞ்சியிருந்தால் அது இடரின் அறிகுறி. மாற்று மருந்தைக் கூட்ட வேண்டும். எதிர்ப்பொருள்களைக் கொண்டு அளக்கும் விரைவு முறைகள் சில வேளைகளில் மருந்தின் வளர்சிதை மாற்றப் பொருளையும் மருந்தென்றே எண்ணிவிடும். அத்தகைய ஐயம் எழும்போது இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் வண்ணப்பகுப்பு முறையை நாடுவர். திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ இந்நோயுற்ற குழந்தையுடன் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் செல்லும் பெற்றோர், ஆய்வகத் தாளில் வரும் அந்த எண்ணுக்காகக் காத்திருப்பர்.

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களே கடந்த நிலையில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 53. இந்தியாவை விட்டுச் சென்ற 26 ஆண்டுகளில் அவர் ஒருமுறையும் தாயகம் திரும்பவில்லை. அவர் சென்றபின் பிறந்த மகன், தந்தையின் முகம் காணாமல், ஓராண்டு நிறையுமுன்னே நோய்த்தொற்றால் இறந்தான். மனைவி சேஷகிரி கணவர் வருவார் என்று காத்திருந்தார். ஆய்வு முடியட்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போடப்பட்ட அப்பயணம் நிகழவே இல்லை. பூஞ்சையினம் ஒன்றிற்கு அறிவியலாளர்கள் சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை இட்டனர். பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.